ருசு யாரிடம் இருக்கிறது?

தொழிலாளியின் மகனைப் பட்டாளத்தில் சேர்க்கும்போது எந்தச் சர்க்காரும் அவனிடம் ருசு கேட்பதில்லை. வயதைப் பார்க்கிறது, நெஞ்சை அளக்கிறது, துப்பாக்கியைக் கையில் கொடுத்து அனுப்பி விடுகிறது. அவன் திரும்பி வந்து, “ராத்தூக்கம் போய்விட்டது, கதவு படீரென்று சாத்தினால் தரையில் விழுந்து படுக்கிறேன், எந்த வேலையிலும் ஆறு மாதம் நிலைக்க முடியவில்லை” என்று சொன்னால்தான் சர்க்காருக்கு ருசுவின் ஞாபகம் வருகிறது. எங்கே நடந்தது? எந்தத் தேதி? யார் பார்த்தார்கள்? காகிதம் எங்கே?

அமெரிக்காவில் வியட்நாம், இராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் லட்சக்கணக்கில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடி அலைந்திருக்கிறார்கள், இன்றும் அலைகிறார்கள். அவர்களுடைய மனுவைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

தோழர்கள் உடனே கேட்பார்கள்: “வியட்நாமில் குண்டு போட்டவனுக்கு நாம் ஏன் பரிந்து பேச வேண்டும்?” நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் மேலே போவதற்கில்லை.

அந்த யுத்தத்தில் மாண்ட அமெரிக்கர்கள் 58,000-க்குச் சற்று அதிகம். வியட்நாம் சர்க்கார் 1995-இல் வெளியிட்ட கணக்குப்படி அந்த நாட்டில் இறந்தவர்கள் 30 லட்சம் பேர். அவர்களில் 20 லட்சம் பேர் ஆயுதம் எடுக்காத ஜனங்கள். மகனைப் பறிகொடுத்த வியட்நாமியத் தாய்க்கு அமெரிக்காவில் பாரமும் கிடையாது, மனுவை வாங்கக் காரியாலயமும் கிடையாது. காட்டிலும் வயலிலும் கொட்டிய ஏஜெண்ட் ஆரஞ்சு விஷத்துக்கு நஷ்டஈடு கேட்டு வியட்நாமியர்கள் 2004-இல் நியூயார்க்கில் போட்ட வழக்கு அடுத்த வருஷமே தள்ளுபடியாயிற்று. இதை மறந்துவிட்டு ஒரு வரியும் எழுத நாம் தயாரில்லை.

ஆனால் துப்பாக்கி பிடித்தவன் யார்? கட்டாய ராணுவச் சேவை இருந்த காலத்தில் கல்லூரியில் படிப்பவனுக்கு விலக்கு உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை படிப்பை நீட்டித் தப்பித்துக்கொண்டான். ஆலைத் தொழிலாளியின் மகனும் பண்ணைக் கூலியின் மகனும் நீக்ரோ மக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகளும் போனார்கள். 1973-இல் கட்டாயச் சேவை நின்றது. அதற்குப் பிறகு கட்டாயப்படுத்துவது சட்டம் அல்ல, வறுமை. படிப்புச் செலவு கிடைக்கும், நிரந்தரச் சம்பளம் கிடைக்கும் என்று கையெழுத்துப் போட்டவர்கள் இராக்குக்குப் போனார்கள். யுத்தம் வேண்டுமென்று தீர்மானித்தவன் வேறு. அதனால் லாபம் கண்டவனும் வேறு.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சிப்பாய்களிலேயே ஆயிரக்கணக்கானோர் யுத்தத்தை எதிர்த்து நின்றார்கள். 1967-இல் ‘யுத்தத்தை எதிர்க்கும் வியட்நாம் முன்னாள் படைவீரர்கள்’ என்ற அமைப்பு தோன்றியது. 1971 ஏப்ரலில் வாஷிங்டனில் சட்டசபைக் கட்டிடத்தின் முன்னால் நின்று, தாங்கள் பெற்ற மெடல்களைக் கழற்றி வீசி எறிந்தார்கள். இந்த நோய்க்குப் பெயர் கிடைத்ததும் அவர்களால்தான். முதல் உலக யுத்தத்தில் இதை ‘ஷெல் ஷாக்’ என்றார்கள். அந்த யுத்தத்தில் கோழை, ஓடுகாலி என்று குற்றம் சாட்டிப் பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்கள் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் மனம் உடைந்து போனவர்களும் இருந்தார்கள். மன்னிப்பு வந்தது 2006-இல்! வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த 1968-இல் அமெரிக்க மனநோய் டாக்டர்களின் கையேட்டில் யுத்த அதிர்ச்சிக்கென்று இருந்த பழைய பெயரையும் எடுத்துவிட்டார்கள். 1970 டிசம்பரிலிருந்து மேற்படி சிப்பாய்கள் நியூயார்க்கில் ஒன்றாக உட்கார்ந்து தங்களுக்கு நேர்ந்ததைப் பேச ஆரம்பித்தார்கள். கைம் ஷட்டான், ராபர்ட் லிஃப்டன் என்ற இரண்டு டாக்டர்கள் கூட உட்கார்ந்து கேட்டார்கள். பத்து வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1980-இல் ‘போஸ்ட் டிராமட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்’, சுருக்கமாக பி.டி.எஸ்.டி., கையேட்டில் ஏறியது. பேரதிர்ச்சிக்குப் பின் மனதை விட்டு அகலாத நோய் என்று வைத்துக்கொள்ளலாம். 1980-களில் அமெரிக்கக் காங்கிரஸ் உத்தரவிட்டு நடந்த ஆய்வு, வியட்நாமுக்குப் போன ஆண்களில் 100-க்கு 15 பேருக்கு அப்போதும் இந்த நோய் இருந்ததாகக் கண்டது. அவர்கள் வீடு திரும்பிப் பல வருஷம் கழித்து எடுத்த கணக்கு இது.

நோய்க்குப் பெயர் வந்துவிட்டது. பென்ஷன் வந்துவிட்டதா? இங்கேதான் ருசுவின் கதை தொடங்குகிறது.

முன்னாள் படைவீரர் இலாகாவின் விதி மூன்று விஷயங்களைக் கேட்கிறது. நோய் இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அந்த நோய்க்குக் காரணமான சம்பவம் பட்டாளத்தில் இருந்தபோது உண்மையிலேயே நடந்தது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும். அந்தச் சம்பவத்தால்தான் இந்த நோய் என்று டாக்டர் முடிச்சுப் போட்டுக் காட்ட வேண்டும். முதலாவது கிடைத்துவிடும். மூன்றாவதும் முயன்றால் கிடைக்கும். மனிதர்களை மடக்கிப் போடுவது நடுவில் இருக்கும் ஆதாரம்தான். இருபது வயதில் இருட்டில், மழையில், பெயர் தெரியாத ஒரு மேட்டில் நடந்ததற்கு ஐம்பது வயதில் தேதி சொல்ல வேண்டும். தஸ்தாவேஜு நிலையத்தில் தேட வேண்டுமானால் இரண்டு மாதத்துக்குள் அடக்கிக் காலம் சொல் என்று இலாகா கேட்டு வந்தது. “1969-இல் எப்போதோ” என்று எழுதினால் தேட முடியாது என்று பதில் வரும். காலம் பரந்திருந்தால் இரண்டிரண்டு மாதமாகப் பிரித்துத் தேடு, தேடாமல் கைவிரிக்காதே என்று நீதிமன்றம் இலாகாவுக்குச் சொன்னது 2015-இல்.

இந்த விஷயம் நம் தோழர்களுக்குப் புதிதல்ல. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சை அடைக்கும் நோய் அது. புளோ ரூமிலும் கார்டிங்கிலும் இருபது வருஷம் நின்ற ஒரு தோழருக்காக நாம் சங்கக் காரியாலயத்தில் உட்கார்ந்து மனு எழுதியிருக்கிறோம். இருபது வருஷமும் அவர் எந்தக் கட்டில் வேலை செய்தார் என்பதற்கு ருசு மில்லின் ரிஜிஸ்தரில் இருந்தது. ரிஜிஸ்தர் மானேஜரின் பீரோவில் இருந்தது. பீரோவின் சாவி யாரிடம் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கூலி விவசாயத் தோழர்களுக்கும் இது தெரியும். பண்ணைக் கணக்குப்பிள்ளையின் நோட்டில் பெயர் இல்லையென்றால் அந்த ஆள் அன்று வயலில் இறங்கவே இல்லை என்று ஆகிவிடும். நாற்று நட்ட கை ருசுவாகாது.

அமெரிக்க ராணுவத்தின் ரிஜிஸ்தர் என்ன ஆயிற்று? 1973 ஜூலை 12-ஆம் தேதி செயின்ட் லூயி நகரத்தில் ராணுவ ஆள்கணக்குத் தஸ்தாவேஜு நிலையம் தீப்பிடித்து எரிந்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் சாம்பலாயின. 1912-க்கும் 1960-க்கும் நடுவில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் 100-க்கு 80 போயிற்று. நகல் எடுத்து வைக்கவில்லை. எது எரிந்தது என்று சொல்ல ஒரு அட்டவணைகூட இல்லை. கொரியா யுத்தத்துக்குப் போனவனின் வாழ்க்கை அந்தக் கட்டிடத்தில் எரிந்தது. தீ வைத்தவன் அவன் இல்லை. ஆனால் ‘உன் கோப்பு கிடைக்கவில்லை, உன்னிடம் உள்ளதை அனுப்பு’ என்ற கடிதம் அவன் வீட்டுக்குத்தான் வந்தது.

அது பழைய காலம், காகிதக் காலம் என்று சொல்லலாம். கம்ப்யூட்டர் காலத்தில் நடந்த இராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களிலும் பல படைப்பிரிவுகள் தினசரி யுத்தப் பதிவுகளை ஒழுங்காக வைக்கவில்லை, வைத்ததிலும் சிலவற்றைத் திரும்பும்போது அழித்துவிட்டன என்பது 2012-இல் பத்திரிகைகளில் அம்பலமாயிற்று. வெடிகுண்டு எத்தனை, பெட்ரோல் எத்தனை காலன் என்ற கணக்கு தவறியதாக நாம் கேள்விப்படவில்லை.

ஆகவே சிப்பாய்கள் தாங்களே துப்பறிகிறார்கள். இதில் அவர்கள் காட்டியிருக்கும் சாமர்த்தியத்தை நாம் மெச்சத்தான் வேண்டும். தன் கோப்பில் இல்லையா? கம்பெனியின் தினசரி ஆள்கணக்கில் பார். அன்று யார் செத்தான், யார் ஆஸ்பத்திரிக்குப் போனான் என்பது அதில் இருக்கும். பட்டாளத்தின் நாட்குறிப்பு மேரிலாந்தில் காலேஜ் பார்க் என்ற ஊரில் தேசிய ஆவணக் களஞ்சியத்தில் இருக்கிறது. கப்பலில் இருந்தவனுக்குக் கப்பலின் நாட்குறிப்பு. அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை அவள் பெட்டியில் வைத்திருந்தால் அதன் தபால் முத்திரை ஒரு தேதி. பின்பக்கத்தில் இடத்தின் பெயர் எழுதிய போட்டோவும் ஆதாரம்தான்.

தேதியே ஞாபகமில்லாதவன் என்ன செய்வான்? வாஷிங்டனில் 1982-இல் எழுப்பிய கறுப்புக் கல் சுவர் இருக்கிறது. மாண்ட 58,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. அகர வரிசையில் அல்ல, பதவி வரிசையிலும் அல்ல. விழுந்த தேதி வரிசையில். ஆகவே பக்கத்தில் நின்று செத்த நண்பனின் பெயர் தெரிந்தால் போதும், அந்த நாள் எது என்று தெரிந்துவிடும். அவன் பெயருக்கு முன்னும் பின்னும் இருப்பவர்கள் அதே நாளில், சில சமயம் அதே பள்ளத்தில், செத்தவர்கள். இதிலும் ஒரு சங்கடம். யுத்த முனையில் ஒருவரை ஒருவர் பட்டப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். தன் மடியில் உயிர்விட்டவனின் தகப்பன் வைத்த பெயர் என்ன என்று தெரியாமல் அந்தச் சுவரின் முன்னால் நின்றவர்கள் உண்டு.

அடுத்தது கூட்டாளியின் சாட்சிக் கடிதம். இலாகாவின் விதியிலேயே இதற்கு இடம் உண்டு. தனிப் பாரமும் உண்டு. “இவர் நல்லவர், மிகவும் கஷ்டப்பட்டார்” என்று எழுதினால் அது குப்பைக் கூடைக்குத்தான் போகும். “நான் இன்ன கம்பெனியில் இருந்தேன், இன்ன மாதம் இன்ன தளத்தில் ராத்திரி மோர்ட்டார் குண்டு விழுந்தது, இவர் லாரிக்கு அடியில் இருந்தார், காலையில் இரண்டு உடல்களை இவரும் நானும் தூக்கினோம்” என்று எழுத வேண்டும். தான் கண்டது மட்டும், கண்ட இடத்திலிருந்து. சங்கத்தில் சாட்சி எழுதிப் பழகிய எவருக்கும் இது தெரியும். ஆனால் அந்தக் கூட்டாளியைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. எழுத வைப்பது அதைவிடப் பெரிய வேலை. அவனும் அந்த ராத்திரியை மறக்கத்தான் முப்பது வருஷமாகக் குடித்துக்கொண்டிருக்கிறான். கடிதம் போட்டால் பதில் வராது. பதில் வராததற்குக் காரணம் பகையல்ல என்பது மனு போட்டவனுக்குத்தான் மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

மனைவியின் கடிதம் சம்பவத்துக்கு ருசுவாகாது, நோய்க்கு ஆகும். கட்டிலில் படுக்காமல் நாற்காலியிலேயே தூங்குகிறார், ராத்திரி மூன்று தடவை எழுந்து பூட்டைப் பார்க்கிறார், ஓட்டலில் கதவைப் பார்த்து உட்கார்ந்தால்தான் சாப்பிடுவார், ஜூலை 4-ஆம் தேதி வாணவேடிக்கை விட்டால் நிலவறைக்குப் போய்விடுவார். இந்த மாதிரிச் சில்லறை விஷயங்கள்தான் எடை உள்ளவை. அவளை எந்தச் சர்க்காரும் யுத்தத்துக்கு அனுப்பவில்லை. யுத்தம் அவள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது. அவளுக்குச் சம்பளமும் கிடையாது, மெடலும் கிடையாது.

மெடல் என்றதும் ஒரு அநியாயம் ஞாபகம் வருகிறது. நேரடியாகச் சண்டையிட்டவன் என்பது ருசுவானால், சண்டையில் நடந்ததைப் பற்றி அவன் வாய்ச் சொல்லே போதும் என்கிறது சட்டம். சண்டையிட்டான் என்று எப்படித் தெரியும்? காலாட்படைப் போர்ச் சின்னம் சட்டையில் இருந்தால் கேள்வி இல்லை. ஆனால் அது காலாட்படைக்காரனுக்கு. லாரி ஓட்டியவனுக்குக் கிடையாது, அவன் லாரி பதுங்குத் தாக்குதலில் எரிந்திருந்தாலும். சமையல்காரனுக்குக் கிடையாது. டா நாங்கிலும் சைகோன் விமானத் தளத்திலும் அமெரிக்கப் பிணவறைகள் இருந்தன. அங்கே சிதைந்த உடல்களைக் கழுவிப் பெட்டியில் அடுக்கியவனுக்கும் கிடையாது. எல்லா ஸ்தாபனங்களையும் போலவே இங்கும் சாதிக்கட்டு! காலாட்படையல்லாத தரைப்படைச் சிப்பாய்க்கு ஒரு சின்னம் உண்டாக்கியது 2005-இல், அதுவும் 2001 செப்டம்பருக்குப் பிந்திய சண்டைகளுக்கு மட்டும்.

2010 ஜூலையில் விதி தளர்ந்தது. எதிரியின் தாக்குதலுக்கு அஞ்சி வாழ்ந்த இடத்தில் இருந்தவன் என்றால், அவன் சொல்வது அந்த இடத்துக்கும் பணிக்கும் பொருந்தினால், தனியாகக் காகிதம் வேண்டாம் என்றார்கள். நல்லதுதான், போராடிப் பெற்றது. ஆனால் அதிலும் ஒரு முடிச்சு. இலாகாவின் டாக்டரோ இலாகாவோடு ஒப்பந்தம் உள்ள டாக்டரோ ஆமாம் என்று சொல்ல வேண்டும். பத்து வருஷமாக அவனுக்கு வைத்தியம் பார்க்கும் சொந்த டாக்டர் சொன்னால் இந்தச் சலுகைக்குப் போதாது. மில் டாக்டரிடம் ‘பிட்’ சர்ட்டிபிகேட் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெண் சிப்பாய்களின் நிலை இதைவிடக் கொடிது. அவர்களில் பலருக்கு அதிர்ச்சி எதிரியிடமிருந்து வரவில்லை. தன் படையின் மேலதிகாரியிடமிருந்தும் சக சிப்பாயிடமிருந்தும் வந்தது. புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் குற்றவாளியே உட்கார்ந்திருந்தால் காகிதம் எப்படி இருக்கும்? 2002-இல் வந்த விதி இதை ஒப்புக்கொண்டு, சுற்றி வளைத்துக் கிடைக்கும் அடையாளங்களையும் ஆதாரமாக ஏற்றது. திடீரென்று இடமாற்றம் கேட்ட மனு, அதுவரை ஒழுங்காக இருந்த வேலை அந்த மாதத்திலிருந்து கெட்டது, குடிக்கத் தொடங்கியது, கர்ப்பப் பரிசோதனைச் சீட்டு, பாதிரியாரிடமோ அறைத் தோழியிடமோ சொல்லி அழுதது. ஆண்களுக்கும் இது பொருந்தும். வெளியில் சொன்ன ஆண்கள் குறைவு.

எல்லாம் சேர்ந்த பிறகு சதவீதம் போடுகிறார்கள். 0, 10, 30, 50, 70, 100 என்று படிகள். 2025-இல் தனியாளுக்கு 10 சதவீதத்துக்கு மாதம் 175 டாலர், 100 சதவீதத்துக்கு 3,831 டாலர். ஒரு சிப்பாய், டாக்டர் முன்னால் உட்காரும் நாளில் தலை வாரி, சட்டை மாற்றி, “பரவாயில்லை, சமாளிக்கிறேன்” என்று மானத்துக்காகச் சொல்லிவிட்டால் ஒரு படி இறங்கிவிடும். ஏழை மனிதன் தன் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்வது உலகம் முழுதும் உள்ள பழக்கம் போலும்.

புரோக்கர்களும் இல்லாமல் இல்லை. 1864 முதல் 1988 வரை, சிப்பாயின் மனுவுக்கு 10 டாலருக்கு மேல் வாங்கும் வக்கீலுக்குத் தண்டனை என்று சட்டம் இருந்தது. சிப்பாயைச் சுரண்டலிலிருந்து காப்பாற்றவாம்! நடந்தது என்ன? 10 டாலருக்கு எந்த வக்கீலும் வரவில்லை. இலாகாவின் முடிவை மறுபரிசீலிக்க நீதிமன்றமும் 1988 வரை இல்லை. இன்றைக்கு முன்னாள் சிப்பாய் சங்கங்களின் ஊழியர்கள் பைசா வாங்காமல் மனு எழுதித் தருகிறார்கள். ஆனால் விளம்பரம் செய்து, கிடைக்கும் பென்ஷனில் பல மாதத் தொகையைப் பிடுங்கும் கம்பெனிகளும் பக்கத்திலேயே கடை போட்டிருக்கின்றன.

நம்முடைய அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். பொய் மனுவே வராது என்று நாம் வாதாடவில்லை, பரிசீலனை வேண்டும். ஆனால் ரிஜிஸ்தரை வைத்திருப்பவன் யாரோ, இல்லை என்று ருசுப்படுத்தும் சுமை அவன் தலையில் இருக்க வேண்டும். முடியாத காரியமா? ஏஜெண்ட் ஆரஞ்சு விஷயத்தில் அதே அமெரிக்கா 1991-இல் சட்டம் போட்டது. வியட்நாமில் இருந்தான், இன்ன நோய் இருக்கிறது என்றால் போதும், விஷம் பட்டது என்று சர்க்காரே அனுமானித்துக்கொள்ளும். எந்தப் பீப்பாயிலிருந்து எந்தத் தேதியில் பட்டது என்று கேட்பதில்லை. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பைக் குழிகளின் புகையை மூச்சில் இழுத்தவர்களுக்கு 2022-இல் அதே மாதிரிச் சட்டம் வந்தது. நுரையீரலுக்கு அனுமானம் உண்டு. மனதுக்கு மட்டும் ஏன் தேதி வேண்டும்? ஆதாரம் இரண்டு பக்கமும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு என்று அவர்கள் சட்டப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. ஒரு பக்கத்துத் தட்டிலுள்ள காகிதத்தை எரியவிட்டு, அழித்துவிட்டு, பிறகு தராசைத் தூக்கிக் காட்டினால் அது எப்படிச் சமமாக நிற்கும்?

நம் நாட்டிலும் இந்தத் தகராறு உண்டு. வலிப்பு நோய் வந்து ராணுவத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு சிப்பாயின் ஊனப் பென்ஷன், ‘நோய் உன் உடம்போடு வந்தது, சேவையால் வரவில்லை’ என்று மறுக்கப்பட்டது. சேர்க்கும்போது உடம்பைப் பார்த்துச் சேர்த்தீர்கள், அப்போது நோய் இருந்ததாக ஒரு குறிப்பும் எழுதவில்லை, ஆகவே சேவையில் வந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டும் பொறுப்பு உங்களுடையது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அவர் வெளியேற்றப்பட்டது 1994-இல். தீர்ப்பு வந்தது 2013 ஜூலையில்.